தடம் பார்த்த பங்கு

மார்கழி மாதம். வெடியால ஆறு மணி இருக்கும். வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரி உள்ளே வந்து, "கேட்டுல யாரோ கவரை மாட்டிட்டுப் போறாங்க, என்னன்னு பாருங்க" என்றாள். எட்டிப் பார்த்தேன். ஒரு பையன் டிவிஎஸ் எக்ஸெல்லைத் திருப்பிக்கொண்டிருந்தான். நாலு நாள் முன்னால் நான் ராத்திரியில் டிரோன் விட்ட மக்காச்சோளத் தோட்டத்தில் வேலை செய்கிறவன்.

"என்ன தம்பி இது?"

"தோட்டத்துக்காரரு குடுக்கச் சொன்னாருங்ணா. தடம் பாத்த பங்காமாங்ணா."

வண்டி போய்விட்டது. கறுப்பு கேரிபேக், அதற்குள் இன்னொரு கவர், அதற்குள் தோலோடு இரண்டு கிலோ கறி. வைக்கோல் போட்டு வாட்டிய வாசம் இன்னும் போகவில்லை. தோலுக்கடியில் ஒரு விரல் கனத்துக்குக் கொழுப்பு. நான் எதையும் சுடவில்லை, குத்தவில்லை, அந்த இடத்தில்கூட இல்லை. ஆனால் பங்கு வீடு தேடி வந்திருக்கிறது. வேட்டையில் யார் யாருக்குப் பங்கு என்பது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

இப்போது இந்தப் பக்கம் டிரோன் வைத்திருக்கிற பையன்கள் பெருகிவிட்டார்கள். கல்யாண வீடியோ எடுக்கிறவர்கள், மருந்தடிக்கிறவர்கள், ரீல்ஸ் போடுகிறவர்கள். இவர்களிடம் என்றைக்காவது ஒருவர் வந்து, "பன்னி எங்க இருக்குதுன்னு மட்டும் பாத்துச் சொல்லு கண்ணு" என்று கேட்கத்தான் போகிறார். அப்படிக் கேட்டபோது நான் என்ன செய்தேன், எங்கே தப்பு செய்தேன் என்பதை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

நான் கோபிக்கும் சத்திக்கும் நடுவில் குடியிருக்கிறேன். மருந்தடிக்கிற டிரோன்தான் சோறு போடுகிறது. 10 லிட்டர் டேங்க், ஏக்கருக்கு ஏழெட்டு நிமிஷம். அதுபோக, இரண்டு கிலோவுக்குள் எடையுள்ள சின்ன டிரோன் ஒன்று, தெர்மல் கேமராவோடு. திருப்பூர், பெருந்துறைப் பக்கம் மில் கூரைகளில் சோலார் பேனல் போட்டிருக்கிறார்களே, அதில் எந்தப் பேனல் அளவுக்கு மீறிச் சூடாகிறது என்று மேலிருந்து பார்க்க வாங்கியது. சூட்டைப் பார்க்கிற கேமரா பேனலை மட்டும்தான் பார்க்கும் என்று இல்லையே. அது ஊருக்குத் தெரிய ஒரு மாதம்கூட ஆகவில்லை.

மக்காச்சோளக்காரர் எனக்குத் தூரத்து மாமன் முறை. நாலு ஏக்கர், பால் பிடித்த கதிர். பன்றி வந்தால் கதிரை மட்டும் தின்றுவிட்டுப் போகாது. தட்டோடு சாய்த்து, அதன்மேலேயே புரண்டு, தின்றது கால் பங்கு என்றால் மிதித்தது முக்கால் பங்கு. ஒரே ராத்திரியில் அரை ஏக்கர் பாய் விரித்தது மாதிரி கிடந்தது. சுற்றிலும் பழைய சேலை கட்டிப் பார்த்தார். சீரியல் லைட் போட்டார். பட்டாசு வெடித்தார். மூன்றாம் நாள் பன்றி பட்டாசுக்குப் பழகிவிட்டது. அப்புறம்தான் என்னிடம் வந்தார். "மாப்ளே, எத்தனை உருப்படி வருதுன்னு மட்டும் பாத்துச் சொல்லு. மனு எழுதோணும்." கேட்டதில் ஒரு தப்பும் இல்லை.

ராத்திரி ஒன்பதரைக்கு மேலே ஏற்றினேன். மார்கழிக் குளிருக்குத் தெர்மல் கேமரா நன்றாக வேலை செய்யும். திரையில் எல்லாம் சாம்பல் நிறம். மக்காச்சோளத் தட்டு குளிர்ந்து கறுத்துக் கிடந்தது. மேட்டுப் பாறை மட்டும் பகல் வெயிலை இன்னும் விடாமல் வெளிறித் தெரிந்தது. பத்து மணி தாண்டியதும் பள்ளத்து ஓரத்துக் கரும்புக்காட்டிலிருந்து வெள்ளையாய் ஒன்று வெளியே வந்து நின்றது. நின்றது, நகரவில்லை. காற்றை மோந்து பார்க்கிறது என்று எனக்குப் புரிந்தது. நான் அதன் தலைக்கு மேலே எண்பது மீட்டரில் இருக்கிறேன். கீழே எந்தப் பக்கம் மோந்தாலும் என் வாசம் அதற்குக் கிடைக்காது. திருப்தியானதும் அது நடந்தது. பின்னாலேயே சின்னச் சின்னதாய் ஆறு, ஒன்றின் பின் ஒன்றாக, நூல் பிடித்த மாதிரி.

ஏழு உருப்படி. மாமனிடம் சொன்னேன். வேலை அதோடு முடிந்தது.

அதற்கப்புறம் நடந்தது நானாகச் செய்தது. யாரும் கேட்கவில்லை. பேட்டரி மாற்றி மறுபடி ஏற்றி, அவை தின்று முடித்துத் திரும்புகிற வரை பின்னாலேயே போனேன். கரும்புத் தோகை மூடினால் தெர்மலில் ஒன்றும் தெரியாது. சந்து கிடைக்கிற இடத்தில் மட்டும் வெள்ளை மினுக்கும். அப்படி விட்டு விட்டுப் பார்த்தே, கரும்புக்காட்டின் வடகிழக்கு மூலையில் அவை படுக்கிற இடத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். கைத்திறமையைக் காட்டுகிற கிறுக்கு. "மாமா, இங்கதான் தங்குது" என்று மேப்பில் ஊசி குத்தி வாட்ஸப்பில் அனுப்பினேன். 1500 ரூபாய் வாங்கிக்கொண்டு வந்து படுத்துத் தூங்கினேன்.

மூன்றாம் நாள் விடியுமுன் வலை, நாய், வேல் சகிதம் ஆட்கள் போய் அந்த மூலையைச் சுற்றிவிட்டார்கள். தாய்ப்பன்றி வலையில் விழுந்தது. குட்டிகள் சிதறி ஓடின. அவ்வளவு சின்னக் குட்டிகள் தாயில்லாமல் எத்தனை நாள் தாங்கும் என்பது ஆடு மாடு வளர்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கவரைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மாமன் கோபித்துக்கொள்ளவில்லை. "உனக்கு வேண்டாமுன்னா போச்சாது. ஆனா ஒண்ணு சொல்லு மாப்ளே. மூணு வருசமா அதே கரும்புக்காடுதான, ஒரு தடவை எங்க கையில சிக்குச்சா? நீ பாத்துக் குடுத்ததுக்குத்தான் பங்கு." என்னைப் பாராட்டுவதாக நினைத்துத்தான் சொன்னார். அந்தப் பாராட்டு இன்றைக்கும் ஜீரணமாகவில்லை.

எங்கள் அப்பாரு, அதாவது தாத்தா, அந்தக் காலத்தில் வேட்டைக்குப் போனவர். பன்றியைக் குத்தினவனுக்குத் தலை, நாய்க்கு ஒரு பங்கு, தடம் பார்த்தவனுக்கு ஒரு பங்கு, மிச்சம் வந்தவர்களுக்கெல்லாம் சமம் என்று கணக்குச் சொல்வார். அவர் பெரும்பாலும் தடம் பார்க்கிறவர். தடம் பார்ப்பது என்றால் முதலில் காற்று எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டும். குளம்பு பதிந்த இடத்தில் மண்ணின் ஓரம் உதிர்ந்திருக்கிறதா, ஈரம் காய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வேலமுள்ளுக்குள் தவழ்ந்து போக வேண்டும். பத்து நாள் போனால் எட்டு நாள் வெறுங்கையோடு வருவார்களாம். அவர் வலது தொடையில் ஒரு சாண் நீளத்துக்குத் தழும்பு இருந்தது. சின்ன வயதில் நாங்கள் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே கதை கேட்போம்.

இந்தச் சீமையில் காட்டோரம் நடுகற்கள் உண்டு. புலியோடு மல்லுக்கட்டி மாண்டவனுக்குப் புலிகுத்திக் கல், பன்றியோடு என்றால் பன்றிகுத்திக் கல். இரண்டு பக்கமும் சாவு இருந்ததால்தான் கல் நட்டார்கள். பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து, மடியில் ரிமோட்டும் பக்கத்தில் டீ டம்ளருமாய்த் தடம் பார்த்த எனக்கு யார் கல் நடப்போகிறார்கள்?

அதற்காக அப்பாரு காலத்து வேட்டை தர்மம் என்று சொல்ல வரவில்லை. அந்தக் காலத்திலும் வலை இருந்தது, குழி இருந்தது. இன்றைக்கும் பழத்துக்குள் வெடி வைக்கிற அவுட்டுக்காய் இருக்கிறது. பன்றிக்கு வைத்ததை யானை கடித்து வாய் கிழிந்து, தின்ன முடியாமல் பட்டினி கிடந்து சாகிறது. கோயமுத்தூர்ப் பக்கம் இது நடந்துகொண்டேதான் இருக்கிறது. நான் சொல்ல வந்தது, தப்பிப்பதற்கு அந்தப் பன்றியிடம் என்ன இருந்தது என்பதை. மூக்கு, காது, இருட்டு, புதர். நடந்து வருகிற மனிதனுக்கு எதிராக இவை நாலும் வேலை செய்யும். மேலேயிருந்து சூட்டைப் பார்க்கிறவனிடம் முதல் மூன்றும் செல்லாது, புதரும் பாதிதான் செல்லும்.

நண்பன் ஒருவனின் அண்ணன் வனவராக இருந்து ஓய்வு பெற்றவர். மனசு கேட்காமல் அவரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கேட்ட முதல் கேள்வியே வேறு. "அந்தக் கவரோட எத்தனை கிலோமீட்டர் வண்டி ஓட்டுன?"

"நாலு இருக்குங்ணா."

"நடுவுல எவனாவது நிறுத்தியிருந்தா, திருப்பிக் குடுக்கத்தான் போறேன்னு சொல்லியிருப்பியா? கறி உன் கையில இருக்குது. அதுவே தனிக் கேசு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்புறம் பொறுமையாகச் சொன்னார். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல்லுக்கு நாம் நினைப்பதைவிட அர்த்தம் பெரிது. கொல்வது மட்டும் வேட்டை கிடையாது. பிடிப்பது, சுருக்கு வைப்பது, துரத்துவது, விரட்டி ஓட்டுவது, இரை வைத்து இழுப்பது, இதற்கெல்லாம் முயற்சி செய்வது, அத்தனையும் வேட்டை. செய்தவனுக்குத் துணை போனவனும் செய்தவனாகவே கருதப்படுவான் என்று தனியாக ஒரு பிரிவும் இருக்கிறது. குற்றத்துக்குப் பயன்பட்ட வண்டி, ஆயுதம், கருவி அரசுக்குப் போய்விடும். என் டிரோன் கருவிதான். 2022-இல் சட்டத்தைத் திருத்தி, 2023 ஏப்ரலிலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். சட்டம் பாதுகாக்கிற விலங்குகளின் பட்டியல்களில் காட்டுப்பன்றி இப்போது இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. மூன்று வருஷம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

"அப்ப பன்னியைச் சுடலாமுன்னு வந்துச்சே?" என்றேன். எல்லோரும் கேட்கிற கேள்வி இது. 2025 ஜனவரியில் தமிழ்நாட்டில் வந்த அறிவிப்பைத் தோட்டத்துக்காரர்கள் பாதி மட்டும் காதில் வாங்கியிருக்கிறார்கள். காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டுக்குள் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் சுடலாம், ஆனால் சுடுவது வனத்துறை. நாமோ, நம் மாமனோ, மச்சானோ கிடையாது. எங்கள் தோட்டங்கள் காட்டிலிருந்து நாலைந்து கிலோமீட்டர் தள்ளி இருப்பதால், "நம்முளது சுடுற ஏரியா" என்று டீக்கடையில் பேசிக்கொள்கிறார்கள். அந்தப் பேச்சை நம்பி ரிமோட்டை எடுக்காதீர்கள்.

அவர் சொன்னதில் எனக்குப் புதிதாக இருந்தது இன்னொன்று. 1972-இல் சட்டம் வந்தபோது உரிமம் வாங்கி வேட்டையாட வழி இருந்தது. அப்போதே, வண்டியிலிருந்தோ விமானத்திலிருந்தோ வேட்டையாடக் கூடாது, விலங்கை விரட்டி ஓட்டுவதற்கு விமானத்தைப் பயன்படுத்தக் கூடாது என்று எழுதியிருந்தார்கள். 1991-இல் உரிம வேட்டை சம்பந்தப்பட்ட பிரிவுகளையே எடுத்தபோது அதுவும் போய்விட்டது. ஆக, வேட்டை சட்டப்படி இருந்த காலத்திலேயே வானத்திலிருந்து வேட்டையாடுவது ஆகாது.

அப்புறம் நானே உட்கார்ந்து தேடிப் படித்தேன். அமெரிக்காவில் வேட்டை சட்டப்படி நடக்கிற விஷயம், பெரிய பொழுதுபோக்கும்கூட. அங்கேயே விமானத்திலிருந்து சுடுவதையும் விலங்குகளைத் தொந்தரவு செய்வதையும் தடுக்கிற சட்டம் 1971-இல் வந்துவிட்டது. கொலராடோ, அலாஸ்கா மாநிலங்கள் 2014-இல் டிரோனை வேட்டைக்குப் பயன்படுத்தக் கூடாது என்று விதி போட்டன. 1887-இல் தொடங்கிய பூன் அண்ட் குரோக்கெட் கிளப் என்ற வேட்டைக்காரர் சங்கம், விலங்குக்குத் தப்பிக்க வழி இருக்க வேண்டும், வேட்டைக்காரனுக்கு முறையற்ற அனுகூலம் கூடாது என்பதைக் கொள்கையாகவே வைத்திருக்கிறது. வேட்டையாடுகிறவர்களே டிரோனை ஒதுக்கி வைக்கிறார்கள் என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அங்கும் குழப்பம் இல்லாமல் இல்லை. அடிபட்டு ஓடிய மானைத் தெர்மல் டிரோனால் தேடித் தருகிற தொழில் ஒஹையோவில் சட்டப்படி நடக்கிறது. பக்கத்திலுள்ள பென்சில்வேனியாவில், 2023 கடைசியில், வேட்டைக்காரர் மாதிரி வந்த அதிகாரி ஒருவர் அதே தொழில் செய்தவரைப் பிடித்துக் கேசு போட்டார்.

ஜெர்மனிக்காரர்கள் இதே கேமராவை இன்னொரு விதமாகப் பயன்படுத்துகிறார்கள். புல் அறுக்கிற இயந்திரம் இறங்குமுன், விடிகாலையில் புல்வெளிக்கு மேல் தெர்மல் டிரோனை விட்டு, புல்லுக்குள் படுத்திருக்கும் மான்குட்டியைத் தேடித் தூக்கி ஓரமாக வைக்கிறார்கள். ஆபத்து வந்தால் ஓடாமல் பதுங்குவது குட்டியின் சுபாவம் என்பதால் இப்படி ஒரு தேவை. இதற்கு டிரோன் வாங்க அந்த நாட்டு அரசு 2021-இலிருந்து பணம் தருகிறது. நம்மிடமும் உண்டு. 2021-இல் கூடலூர், மசினகுடிப் பக்கம் சுற்றிய டி23 புலியைத் தேடியபோது வனத்துறை டிரோன் விட்டது, அக்டோபரில் அது உயிரோடு பிடிபட்டது. அங்கே யார் உத்தரவு போட்டது, யார் கையில் மயக்க ஊசி என்பதற்கெல்லாம் பேப்பர் இருக்கும். என்னிடம் இருந்தது வாட்ஸப்பில் ஒரு ஊசிக்குறி.

டிரோன் விதிகளைப் பற்றி இங்கே அதிகம் எழுதவில்லை, சான்றிதழ் வாங்கினவர்களுக்குத் தெரியும். வாங்காதவர்களுக்கு மட்டும்: 2021 ஆகஸ்டில் வந்த விதிகளின்படி 250 கிராம் வரை நானோ, 2 கிலோ வரை மைக்ரோ. மைக்ரோவைப் பொழுதுபோக்காக விட்டால் பைலட் சான்றிதழ் தேவையில்லை. காசு வாங்கின நிமிஷமே தேவை. முன் அனுமதி தேவைப்படாத பச்சை மண்டலத்தில் 400 அடிதான் உச்சம். சூலூர் விமானப்படைத் தளம், கோவை விமான நிலையம் பக்கம் என்றால் எங்கே பறக்கலாம் என்று காட்டுகிற அரசின் டிஜிட்டல் ஸ்கை மேப்பைப் பார்க்காமல் பெட்டியையே திறக்காதீர்கள். சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்குள் அனுமதியில்லாமல் விடுகிற நினைப்பே வேண்டாம். திம்பம் மலைப்பாதை வளைவில் நின்று ரீல்ஸுக்கு ஏற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். டிரோன் சத்தத்துக்கு மிரண்ட யானை கீழே யார் பக்கம் திரும்பும் என்று திரையில் தெரியாது.

மயிலைப் பற்றி ஒரு வார்த்தை. பன்றிக்கு அடுத்தபடி என்னிடம் வருகிற வேலை மயில் விரட்டுவது. "சும்மா மேல ஒரு சுத்து சுத்துனா ஓடிப்போயிருமுங்க" என்பார்கள். மயில் முதல் பட்டியலில் இருக்கிறது. மூன்று வருஷத்துக்குக் குறையாத சிறை. அதோடு பறவைகள் விஷயத்தில் கூட்டையோ முட்டையையோ கலைத்தாலே வேட்டைக் கணக்கு. மயில் கூடு கட்டுவது தரையில், வரப்போரப் புதரில், நம் வேலிக்கு உள்ளேயேதான். மருந்தடிக்கப் போகிற இடத்தில் இப்போதெல்லாம் முதலில் வரப்பை ஒரு நடை நடந்து பார்த்துவிடுகிறேன். பெட்டை எழுந்து ஓடினால் அந்த மூலைக்கு டிரோனை விடுவதில்லை.

இவ்வளவும் தெரிந்த பிறகு எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். பாதிதான் வந்தது. பங்குனியில் ஊர்க் கோயில் பொங்கலுக்கு வீடியோ எடுக்கிறேன் என்று மச்சான் மகன் சின்ன டிரோனைக் கேட்டான். காலேஜ் பையன், நன்றாக ஓட்டுவான். பேட்டரி நாலையும் சேர்த்துக் கொடுத்துவிட்டேன்.

இரண்டாம் நாள் ராத்திரி பதினொன்றே காலுக்கு வீடியோ கால். ரிமோட் திரையைக் காட்டுகிறான். "மாமா, கடலைக்காட்டுல ஒண்ணு படுத்திருக்குது. நல்ல பெருசு. பன்னிதான?" பின்னால் ஒரு நாய் முனகுகிற சத்தம். "கிட்டப் போவட்டுமா?" என்று ஒரு பெரிய ஆளின் குரல். எதைக் கையில் வைத்துக்கொண்டு கிட்டப் போகப்போகிறார் என்று நான் கேட்கவில்லை. தேவைப்படவில்லை.

"எத்தனை உயரத்துல இருக்க?"

"நூறு மாமா."

இந்த இடத்தில் கொஞ்சம் கணக்கு. என் தெர்மல் கேமராவின் படம் 640-க்கு 512 புள்ளி. நூறு மீட்டர் உயரத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் ஏறக்குறைய பதினைந்து சென்டிமீட்டர். நாலடி நீளப் பன்றி எட்டுப் புள்ளி. முழங்காலை மடக்கி ஒருக்களித்துப் படுத்த மனிதனும் அதே ஏழெட்டுப் புள்ளிதான். போர்வை போர்த்தியிருந்தால் உடம்புச் சூடு மறைந்து, தலையும் காலும் மட்டும் துண்டுதுண்டாய்த் தெரியும், உருவம் இன்னும் கெடும். பங்குனி மாதத்தில் ராத்திரி பதினொரு மணிக்கும் தரை கொதித்துக்கொண்டிருப்பதால், மார்கழியில் தெரிந்த துல்லியமும் கிடைக்காது. மொத்தத்தில் அங்கே தெரிந்தது சூடான ஏதோ ஒன்று. அதற்குப் பன்றி என்று பேர் வைத்தது பையனின் ஆசை.

"முப்பதுக்கு இறக்கு. யாரையும் நகர விடாத" என்றேன்.

இறக்கினான். வெள்ளைக் குமிழ் பெரிதானது. டிரோன் சத்தம் எட்டியிருக்க வேண்டும், அது அசைந்தது. அதிலிருந்து ஒரு துண்டு நீண்டு பக்கத்தில் எதையோ துழாவியது. அப்புறம், திடீரென்று அதன் நடுவில் ஒரு பொட்டு. அவ்வளவு வெள்ளையை நான் எந்தப் பேனலிலும் பார்த்ததில்லை. அந்தச் சூட்டுக்கு ஏற்றபடி கேமரா தன்னைத்தானே சரிசெய்துகொண்டதில் திரையில் மற்றதெல்லாம் ஒரு நொடி இருண்டுவிட்டது.

தீக்குச்சி.

"பன்னி பீடி பத்த வெக்குமாடா?" என்று நான் போட்ட சத்தத்தில் வீட்டில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

கடலைக்காட்டுக்குக் காவலாக அன்றைக்குத்தான் ஒரு பெரியவரைப் போட்டிருக்கிறார்கள். கொசுவுக்காகத் தலையோடு போர்த்திப் படுத்திருந்தார். பீடிப் பழக்கம் உடம்புக்குக் கெடுதல் என்று இனி நான் யாரிடமும் சொல்லப்போவதில்லை.

வண்டியை எடுத்துக்கொண்டு போய்ச் சேர இருபது நிமிஷம். பையன் மட்டும் ரோட்டோரம் பெட்டியை வைத்துக்கொண்டு நின்றான், மற்றவர்கள் கலைந்திருந்தார்கள். அவர்கள் யார் யாரென்று எனக்குத் தெரியும். புகார் கொடுக்கவில்லை. சொந்தபந்தம், அக்கம்பக்கம் என்று ஒதுங்கிவிட்டேன். அது இன்னும் உறுத்திக்கொண்டுதான் இருக்கிறது. சரி.

இப்போது நான் தொழில் செய்கிற விதம் மாறியிருக்கிறது. யார் கூப்பிட்டாலும், "பார்த்துச் சொன்ன பிறகு என்ன செய்வீங்க?" என்று முதலில் கேட்கிறேன். பதில் உடனே வந்தால் ஒரு மாதிரி, இழுத்தால் இன்னொரு மாதிரி. மனு எழுதத்தான் என்றால், அதற்கு ராத்திரியில் பறக்க வேண்டிய அவசியமே இல்லை என்று விளக்குகிறேன். பகலில் சாதாரண கேமராவில் மேலிருந்து எடுத்தால் சாய்ந்த மக்காச்சோளம் தனியாகத் தெரியும். எத்தனை சென்ட் சேதம் என்று கோடு போட்டே காட்டலாம். தேதியும் இடமும் பதிந்த படங்களை மனுவோடு இணைத்தால், வந்து பார்க்கிற அதிகாரிக்கும் வேலை சுலபம், தோட்டத்துக்காரருக்கும் பேசுவதற்கு ஒரு பிடி. பில்லில் 'பயிர்ச் சேதக் கணக்கெடுப்பு' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்கிறேன். கணக்கெடுக்க என்று கூப்பிட்டு, வேட்டைக்கு இழுக்கிற ஆட்கள் கையெழுத்து என்றதும் நழுவிவிடுகிறார்கள்.

விலங்கு தெரிந்தால் அந்த இடத்தை யாருக்கும் அனுப்புவதில்லை. யானை, சிறுத்தை என்றால் டிரோனை இறக்கிவிட்டு வனத்துறைக்குப் போன். திரையில் தெரிவதற்கு நான் பேர் வைப்பதும் இல்லை. பயிற்சிக்கு வருகிற பையன்களிடமும் அதைத்தான் சொல்கிறேன்: "சூடா ஒண்ணு தெரியுதுன்னு சொல்லு, அதுக்கு மேல ஒண்ணும் சொல்லாத." டிரோனை இரவல் கொடுப்பது அடியோடு நின்றது. பேட்டரி பீரோவில், சாவி வீட்டுக்காரியிடம். மச்சான் வீட்டில் கொஞ்ச நாள் பேச்சுவார்த்தை இல்லை, இப்போது பரவாயில்லை.

மாமன் மேல் எனக்குக் கோபம் கிடையாது. "மனுப் போட்டுட்டு நான் உக்காந்திருந்தா, பன்னியும் உக்காந்திருக்குமா?" என்று கேட்கிறார். என்னிடம் பதில் இல்லை. நாலு ஏக்கரில் முக்கால் ஏக்கர் போனவரிடம் போய் விலங்கின் நியாயம் பேச எனக்கு வாய் வருவதில்லை. இந்த வருஷம் அவர் மக்காச்சோளத்தை விட்டுவிட்டு மஞ்சள் போட்டிருக்கிறார்.

அந்தக் காவல்காரப் பெரியவரைச் சித்திரையில் புளியம்பட்டிச் சந்தையில் பார்த்தேன். அவருக்கு விஷயமே தெரியாது. ராத்திரியில் ஏதோ வண்டு மாதிரி இரைந்தது, எழுந்து பீடி பற்ற வைத்தேன், அவ்வளவுதான் என்றார். சொல்வதா வேண்டாமா என்று யோசித்து, டீ வாங்கிக் கொடுத்து, முழுசாகச் சொல்லிவிட்டேன். மூஞ்சியில் ஒரு மாற்றமும் இல்லாமல் கேட்டார். டீயைக் குடித்து முடித்து, மடியிலிருந்து பீடிக்கட்டை எடுத்து ஒன்றைப் பற்ற வைத்துக்கொண்டு கேட்டார்:

"அப்ப தடம் பாத்த பங்குன்னு உங்கூட்டுக்கு எம்பட கறி எத்தன கிலோ வந்திருக்குஞ் சாமி?"